பென்டாஹோ: கூட்டம் கூட்டியவர்களும் சாவி வைத்திருந்தவர்களும்

தரவைச் சேர்த்து, அலசி, அறிக்கையாக்க உதவும் மென்பொருள் தொகுப்பு பென்டாஹோ; திறமூலமாக, அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடியதாக, வளர்ந்தது. அதை வெளியிட்ட நிறுவனத்துக்கும் அதே பெயர். 2017 நவம்பரில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பென்டாஹோ சமூகச் சந்திப்பு கூடியது. அது பத்தாவது ஆண்டுச் சந்திப்பு. 2008-இல் முதலாவது நடந்ததும் இதே ஊரில்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பரில், பென்டாஹோ என்ற நிறுவனம் தன் தனி அடையாளத்தை இழந்திருந்தது. ஹிட்டாச்சி டேட்டா சிஸ்டம்ஸ், ஹிட்டாச்சி இன்சைட் குரூப், பென்டாஹோ மூன்றையும் சேர்த்து ஹிட்டாச்சி வன்டாரா என்ற ஒரே நிறுவனமாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பென்டாஹோ என்பது ஒரு பெரிய நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ஒரு சரக்கின் பெயர். சந்திப்புக்கு வந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இருந்தும் வந்தார்கள்.

திறமூல வணிக நுண்ணறிவு (பிஐ) மென்பொருள்களில், நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள் இத்தனை ஆண்டுகள் விடாமல் கூடிய திட்டம் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களை நடத்தியவர்கள் ஒரு தரப்பு. மூலநிரலில் எதைச் சேர்ப்பது, எப்போது வெளியிடுவது, பெயரை யார் பயன்படுத்தலாம் என்று முடிவெடுத்தவர்கள் இன்னொரு தரப்பு. இரண்டும் ஒரே தரப்புபோல நெடுங்காலம் தெரிந்தது. நிறுவனம் கைமாறிய பிறகுதான் வித்தியாசம் வெளியே வந்தது. சமூகச் செய்திகள், நிகழ்வுகள் என்று ஒரு திட்டம் அறிவிப்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆள்களோடு வந்த மென்பொருள்கள்

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் 2004-இல் பென்டாஹோ தொடங்கியது. ரிச்சர்ட் டேலி தலைமை நிர்வாகி. ஜேம்ஸ் டிக்சன் தொழில்நுட்பத் தலைவர். 'தலைமை கீக்' என்பது அவருடைய இன்னொரு பதவிப் பெயர். அறிக்கை, பல்பரிமாண அலசல் (ஒரே தரவை ஊர், மாதம், பொருள் என்று பல கோணத்தில் புரட்டிப் பார்ப்பது), தரவு ஒருங்கிணைப்பு, தரவு அகழ்வு என்று ஒரு பிஐ தொகுப்புக்கு வேண்டிய அத்தனையையும் புதிதாக எழுத அவர்கள் உட்காரவில்லை. ஏற்கெனவே திறமூலமாக ஓடிக்கொண்டிருந்த திட்டங்களை, எழுதியவர்களையும் சேர்த்தே, உள்ளே கொண்டுவந்தார்கள். ஜூலியன் ஹைட், பல்பரிமாண அலசலுக்கான மாண்ட்ரியன் என்ற ஓலாப் சர்வரோடு வந்தார். தாமஸ் மார்க்னர், அறிக்கை தயாரிக்கும் ஜேஃப்ரீரிப்போர்ட்டோடு வந்தார்; அதுவே பிற்பாடு பென்டாஹோ ரிப்போர்ட்டிங் ஆனது. 2006 செப்டம்பரில் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த, தரவு அகழ்வுக்கான வெகாவும் தொகுப்பில் சேர்ந்தது.

இவற்றில் இந்தக் கதைக்கு முக்கியமானது கெட்டில். மாட் காஸ்டர்ஸ் என்ற பெல்ஜிய கன்சல்டன்ட் தன் தேவைக்காக எழுதியது. 2005 டிசம்பரில் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டார்; 2006 ஏப்ரலுக்குள் அவரும் கெட்டிலும் பென்டாஹோவில் இருந்தார்கள். பல இடங்களில் கிடக்கும் தரவை எடுத்து, திருத்தி, கிடங்கில் ஏற்றும் இடிஎல் வேலைக்கான கருவி அது. திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் வேலை ஓடும். வரைவதற்கு ஸ்பூன், டிரான்ஸ்ஃபர்மேஷன்களை (தரவை மாற்றும் படிகளை) ஓட்ட பேன், ஜாப்களை (அவற்றை வரிசைப்படுத்தும் வேலைகளை) ஓட்ட கிச்சன், தொலைவில் ஓட்ட கார்ட்டே என்ற சர்வர். நிறுவனம் அதற்குப் 'பென்டாஹோ டேட்டா இன்டகிரேஷன்' என்று கோட்டு மாட்டிவிட்டது. பயன்படுத்துகிறவர்கள் இன்றைக்கும் கெட்டில் என்றுதான் சொல்கிறார்கள்.

யார் கையில் இருந்தது என்பதை ஜாவா நிரலே பதிவு செய்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் அதன் பேக்கேஜ் (நிரல் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் முகவரி) பெயர் பிஇ.ஐபிரிட்ஜ்.கெட்டில், காஸ்டர்ஸின் சொந்த நிறுவனப் பெயரும் பெல்ஜியத்தின் இணையக் குறியீடும் அதில் இருந்தன. 3.0 பதிப்பில் அது ஓஆர்ஜி.பென்டாஹோ.டிஐ என்று மாறியது. அந்தச் சமயத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய செருகுநிரல்களை (மென்பொருளின் மேல் செருகும் துணை நிரல்களை) திருத்த வேண்டி வந்தவர்கள் மட்டும் முணுமுணுத்திருப்பார்கள்.

தேனீ வளர்ப்பவரின் கணக்கு

சமூகத்துக்கும் நிறுவனத்துக்கும் என்ன உறவு என்று டிக்சன் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். தேனீ வளர்ப்பு மாதிரி என்று அதற்குப் பெயர். சமூகம் தேனீக் கூட்டம். நிறுவனம் வளர்ப்பவர். அவர் பெட்டி வைக்கிறார், பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்கிறார், தேனை எடுத்துப் பக்குவப்படுத்திக் கடையில் விற்கிறார். வாடிக்கையாளருக்குத் தேன் போதும். தேனீக்களோடு அவருக்குப் பேச்சு வேண்டியதில்லை. இந்த மாதிரியில் பெரும்பகுதி நிரலை எழுதுவது நிறுவன ஊழியர்களே. வெளியிலிருந்து வருவது சோதனை, பிழை அறிக்கை, மொழிபெயர்ப்பு, செருகுநிரல், புதிய யோசனை.

இதே டிக்சன்தான் 2010 அக்டோபரில் 'டேட்டா லேக்' (தரவை மூல வடிவிலேயே கொட்டிவைக்கும் இடம்) என்ற சொல்லையும் புழக்கத்துக்கு விட்டவர். உவமை சொல்வதில் மனிதருக்குக் கைராசி உண்டு.

அவருடைய தேனீக் கணக்கு நேர்மையானது என்பதே என் கருத்து. எங்கள் சமூகம்தான் எங்களுக்கு எல்லாம் என்று மேடையில் முழங்கிவிட்டுப் பின்னால் வேறு கணக்குப் போடும் நிறுவனங்களைவிட இது மேல். ஆனால் இரண்டு விஷயம் அந்தக் கணக்கில் இல்லை. வளர்ப்பவர் தோட்டத்தையே விற்றால் என்ன ஆகும் என்பது ஒன்று. தேனீக்களில் சில தாமே தேன் விற்கத் தொடங்கினால் என்ன என்பது மற்றொன்று. பென்டாஹோவில் இரண்டுமே நடந்தன.

விற்கப்பட்ட தேன் எண்டர்பிரைஸ் எடிஷன். காசு கொடுக்காதவர்களுக்குக் கம்யூனிட்டி எடிஷன். இடைவெளி சிறியதாகத் தொடங்கி வளர்ந்தது. 2009-இல் லூசிட்எரா என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கிய அலசல் கருவி, அனலைசர் என்ற பெயரில், கட்டணப் பதிப்புக்கு மட்டும் போனது. இலவசப் பதிப்பில் ஜேபிவட் என்ற பழைய முகப்பு அப்படியே நின்றது. எந்திரம் மாண்ட்ரியன், இரண்டுக்கும் அதுவே. முகம் மட்டும் வேறு.

மைன்ஸ் முதல் பொலோனியா வரை

2008 மைன்ஸ், 2009 பார்சிலோனா, 2010 லிஸ்பன் அருகே கஷ்கைஷ், 2011 ரோம் அருகே ஃபிராஸ்காட்டி, 2012 ஆம்ஸ்டர்டாம், 2013 போர்ச்சுகலின் சிந்த்ரா, 2014 ஆன்ட்வெர்ப், 2015 லண்டன், 2016 மறுபடி ஆன்ட்வெர்ப், 2017 மறுபடி மைன்ஸ், 2018 பொலோனியா. இந்த வரிசையைப் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். நிறுவனம் இருந்தது ஃபுளோரிடாவில். சந்திப்பு ஒருமுறைகூட அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை. நிறுவனம் தன் செலவில் நடத்திய மாநாடு வேறு: பென்டாஹோவேர்ல்டு, 2014-இல் ஆர்லாண்டோவில் தொடங்கியது. அங்கே வாடிக்கையாளர்கள், விற்பனைப் பிரிவு, மேடை, விளக்கு. ஐரோப்பியச் சந்திப்பை நடத்தியதோ அந்தந்த ஊர்க்காரர்கள்: பென்டாஹோவைக் கொண்டு பிழைப்பு நடத்திய சிறு கன்சல்டிங் நிறுவனங்கள், தனி ஆள்கள். ஆன்ட்வெர்ப் கூட்டங்களுக்குப் பின்னால் நோ.பிஐ என்ற பெல்ஜிய நிறுவனம் இருந்தது. பத்தாவது ஆண்டு மைன்ஸ் கூட்டத்தை நடத்தியது இட்-நோவம் என்ற ஜெர்மானிய நிறுவனம்.

பின்னாளில் அதற்கு ஓர் ஒழுங்கு படிந்தது. வெள்ளிக்கிழமை ஹேக்கத்தான். சனிக்கிழமை முழுநாள் உரைகள். கூட்டம் பெருகியதும் தொழில்நுட்பத்துக்கு ஓர் அறை, அனுபவ உரைகளுக்கு ஓர் அறை என்று பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல். நிறுவன ஊழியர்களும் வருவார்கள். அடுத்த பதிப்பில் என்ன வருகிறது என்று அவர்கள் சொல்ல, எங்கே இடிக்கிறது என்று மற்றவர்கள் முகத்துக்கு நேரே கேட்பார்கள். ஸ்பூனை எழுதியவரிடமே, நேற்று ராத்திரி உங்கள் மெர்ஜ் ஜாயின் என் உயிரை எடுத்துவிட்டது என்று முறையிடலாம். வேறெந்த ஆதரவு ஒப்பந்தத்திலும் கிடைக்காத சேவை.

வருடத்துக்கு ஒருநாள் கூடிப் பிரிவதால் மட்டும் ஒரு சமூகம் நிற்காது. நடுவில் ஃபிரீநோடு என்ற அரட்டை வலையமைப்பில் பென்டாஹோவின் ஐஆர்சி (எழுத்து அரட்டை) அறை இருந்தது. பகல் முழுக்க ஆள் இருப்பார்கள். பிழைப்பட்டியலான ஜிரா எல்லோருக்கும் திறந்திருந்தது. தினசரி பில்டுகளை (அன்றன்றைய நிரலிலிருந்து தொகுத்த பதிப்புகளை) யாரும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். லண்டனில் பிளக் என்ற பயனர் குழு மாலை நேரங்களில் கூடியது. பிரேசிலில் பென்டாஹோ தினம் என்று தனியே நடத்தினார்கள், சாவ் பாவ்லோவிலும் குரிட்டிபாவிலும். ஆண்டுச் சந்திப்பு இவை எல்லாவற்றுக்கும் முகம் தந்தது. ஐஆர்சியில் புனைபெயரோடு திட்டியவரை நேரில் பார்த்த பிறகு மறுபடி திட்டுவது கடினம்.

குறையையும் சொல்ல வேண்டும். இது பயனர்களின் சமூகம் என்பதைவிடச் செயல்படுத்துவோரின் சமூகம். அறிக்கையைத் திறந்து பார்க்கும் கணக்காளரோ மருத்துவமனை நிர்வாகியோ அங்கே வரவில்லை. அவர்களுக்காக அதை அமைத்துக்கொடுத்துச் சம்பாதிப்பவர்கள் வந்தார்கள். பெங்களூரிலோ சென்னையிலோ ஸ்பூனைத் திறந்துவைத்து ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு எட்டியது ஸ்லைடுகள் மட்டும். வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்டதாலேயே அந்த ஐரோப்பியக் கூட்டம் நீடித்தது, அதே காரணத்தால் அது குறுகலாகவும் இருந்தது.

'சி' என்ற எழுத்தில் தொடங்கியவை

இலவசப் பதிப்பில் எது இல்லையோ அதைச் சமூகம் கட்டிக்கொண்டது. இந்தப் பகுதிதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது.

டாஷ்போர்டு (எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் பலகை) செய்ய நல்ல வழி இல்லாத காலத்தில் சிடிஎஃப் வந்தது. முதல் எழுத்து கம்யூனிட்டியைக் குறிக்கும். அதை முன்னெடுத்த பெட்ரோ ஆல்வஸ் போர்ச்சுகலில் வெப்டீடெய்ல்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். சிடிஎஃப் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கானது. அடுத்து, தரவை ஓர் இடத்திலிருந்து வாங்கித் தர சிடிஏ, புரோட்டோவிஸ் நூலகத்தின் மேல் எழுப்பிய வரைபடங்களுக்கு சிசிசி, திரையிலேயே டாஷ்போர்டை அமைக்க சிடிஇ என்று ஒவ்வொன்றாக வந்தன. மொத்தத்துக்கும் சிடூல்ஸ் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டும் கொடுத்தார்கள். கட்டணப் பதிப்பிலும் டாஷ்போர்டு வடிவமைப்பான் இருந்தது, எளிமையானது. வாடிக்கையாளர் இது என் கம்பெனி வண்ணத்தில் வேண்டும், இந்த வரைபடத்தைத் தொட்டால் அது மாற வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும், காசு கொடுத்து வாங்கியவர்களும் சிடூல்ஸ் பக்கம்தான் வந்தார்கள்.

அலசல் முகப்பிலும் இதே கதை. ஜேபிவட்டைப் பார்த்துச் சலித்த சிலர் 2008 வாக்கில் பேட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். டாம் பார்பர், பால் ஸ்டோல்பெர்கர் இருவரும் அதைத் திரும்ப எழுதி 2010-இல் சைக்கு என்று பெயரிட்டார்கள். உலாவியில் நெடுவரிசையை இழுத்துப் போட்டு அலசலாம். இலவசப் பதிப்பில் அனலைசர் இல்லாத குறையை அது பெருமளவு தீர்த்தது. பின்னாளில் சைக்குவும் தனக்கென்று ஒரு கட்டணப் பதிப்பு வைத்துக்கொண்டது. தேனீ தேன் விற்றது.

நிறுவனம் இதற்குத் தந்த பதில் கெட்டிக்காரத்தனமானது. 2013 ஏப்ரலில் வெப்டீடெய்ல்ஸையே வாங்கிவிட்டது. ஆல்வஸ் பென்டாஹோவின் சமூகப் பொறுப்பாளரானார். சிடூல்ஸ் திறமூலமாகவே தொடர்ந்தது, அதிகாரப்பூர்வ ஆதரவோடு. அந்த ஆண்டுச் சந்திப்பு சிந்த்ராவில், அவருடைய நாட்டிலேயே. வெளியிலிருந்து குடைந்தவருக்கு உள்ளே நாற்காலி போட்டது சமூகத்துக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் நான் இதை வேறு மாதிரியும் படிக்கிறேன். அதுவரை நிறுவனத்துக்கு வெளியே, சுதந்திரமாக, தரமான மென்பொருளை வெளியிடக்கூடிய ஓர் அணி இருந்தது. அதன்பின் அது சம்பளப் பட்டியலில் இருந்தது. சமூகச் செய்திகளைச் சொல்கிற குரல் இன்னும் அதே மனிதருடையது, உற்சாகமும் குறையவில்லை. அந்தக் குரல் நிறுவனத்தின் குரலும் ஆகிவிட்டது. அவரை நான் குறை சொல்லவில்லை, ஊழியராகவும் சமூகத்தின் நண்பராகவும் இருப்பதை அவர் அளவுக்குச் செய்தவர்கள் குறைவு. அமைப்பு அப்படி.

இடையில் மார்க்கெட்பிளேஸ் என்ற செருகுநிரல் சந்தையும் வந்தது. மென்பொருளுக்கு உள்ளிருந்தே வெளியார் எழுதியதைத் தேடி நிறுவிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் சமூக வழியில் வந்ததா வாடிக்கையாளர் வழியில் வந்ததா, எந்த அளவு முதிர்ந்தது என்று படிநிலை போட்டார்கள். ஐடியா நல்லது. அதிகம் பேசப்படாமல் போனது.

ஒரு விற்பனை முடிவின் பின்விளைவு

2012 ஜனவரியில் பென்டாஹோ ஓர் அறிவிப்புச் செய்தது. ஹடூப் (பெருந்தரவைப் பல கணினிகளில் கையாளும் மென்பொருள்), நோஎஸ்க்யூஎல் (அட்டவணை வடிவம் கட்டாயமில்லாத தரவுதளங்கள்) தொடர்பான வசதிகளைத் திறந்துவிட்டு, கெட்டில் முழுவதையும் எல்ஜிபிஎல் உரிமத்திலிருந்து நிபந்தனைகள் குறைந்த அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாற்றியது. காரணம் வெளிப்படை. ஹடூப்பும் பல நோஎஸ்க்யூஎல் தரவுதளங்களும் அப்பாச்சி உரிமத்தில் இருந்தன. அந்த உலகத்துக்குள் கெட்டில் தடையின்றிப் புழங்க வேண்டுமென்றால் அதே உரிமம் தேவை. பெரிய தரவுச் சந்தையில் இடம் பிடிக்க எடுத்த முடிவு, அவ்வளவுதான். ரிப்போர்ட்டிங்கும் மாண்ட்ரியனும் தொகுப்பின் அடித்தள சர்வரும் தத்தம் பழைய உரிமங்களிலேயே நின்றன.

அன்று இது ஒரு செய்தி. படித்தவர்கள் நல்லது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பிறகு நடந்த எல்லாவற்றையும்விட இந்த ஒரு மாற்றம்தான் கெட்டிலின் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன். பத்து வருடச் சந்திப்புகள் ஆள்களைச் சேர்த்தன. அந்த ஆள்கள் எதையாவது கையில் எடுத்துக்கொண்டு வெளியேற வாசல் திறந்துவிட்டது இது.

கைமாற்றம்

2015 பிப்ரவரியில் ஹிட்டாச்சி டேட்டா சிஸ்டம்ஸ் பென்டாஹோவை வாங்குவதாக அறிவித்தது; அதே ஆண்டு ஜூனில் கொள்முதல் முடிந்தது. எந்திரங்களிலும் ரயில்களிலும் மின்நிலையங்களிலும் இருந்து வரும் தரவை அலசுவது ஹிட்டாச்சியின் திட்டம். பென்டாஹோ அதற்கு ஒரு கருவி. கெட்ட எண்ணம் ஒன்றும் தேவையில்லை; முன்னுரிமை மாறினாலே போதும். நடுத்தர நிறுவனம் ஒன்று இலவசப் பதிப்பில் டாஷ்போர்டு செய்வது ஒரு பிரம்மாண்ட நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் எந்த வரியிலும் வராது.

உள்ளேயும் நல்லது நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஹிட்டாச்சியின் அமெரிக்க ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், எக்லிப்ஸ் என்ற திறமூல அறக்கட்டளையின் ராப் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஸ்பூனை உலாவியில் ஓட வைத்தார். வெப்ஸ்பூன் என்று பெயர். பயனர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது, வாங்கிய நிறுவனத்துக்குள்ளிருந்தே திறமூலமாக வந்தது.

ஆனால் 2018-இல் காஸ்டர்ஸ் கிளம்பிவிட்டார், நியோ4ஜே என்ற தரவுதள நிறுவனத்துக்கு. கெட்டிலை எழுதியவர் இப்போது கெட்டிலின் சாவிக்கு வெளியே. கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் மூலநிரல் இருந்தது, யாரும் திருத்தம் அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஹிட்டாச்சி வன்டாரா ஊழியர்களின் முடிவு. எழுதியவருக்கே இப்போது ஒரு சராசரிப் பார்வையாளரின் உரிமைதான்.

ஹாப்

2019 இறுதியில் காஸ்டர்ஸும், நோ.பிஐ-யின் பார்ட் மார்டென்ஸும், அவர்களோடு சிலரும் கெட்டிலின் நிரலை எடுத்துத் தனியே பிரிந்தார்கள். புதுத் திட்டத்துக்கு ஹாப் என்று பெயர். ஆன்ட்வெர்ப் சந்திப்புகளை நடத்தியவரும் கெட்டிலை எழுதியவரும் இணைந்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. ஒருவரையொருவர் எத்தனை வருடம் ஒரே அறையில் பார்த்திருப்பார்கள்!

பிரிந்தவர்கள் முதலில் செய்தது கழித்துக்கட்டும் வேலை. பதினைந்து வருடத்தில் சேர்ந்த பழைய செருகுநிரல்கள், யாரும் தொடாத மூலைகள், ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த பகுதிகள். மையத்தை மெலிய வைத்து, மற்ற எல்லாவற்றையும் செருகுநிரலாக்கினார்கள். டிரான்ஸ்ஃபர்மேஷன் பைப்லைன் ஆனது. ஜாப் வொர்க்ஃப்ளோ ஆனது. ஸ்பூன் போய் ஹாப் ஜியூஐ வந்தது. பிராஜெக்ட், என்விரான்மென்ட் என்று பிரித்துவைக்க வழி வந்ததால், சோதனைச் சூழலில் ஓடியது உற்பத்திச் சூழலில் ஓடாமல் போகும் பழைய தலைவலி குறைந்தது. காஸ்டர்ஸ் ஏற்கெனவே கெட்டிலுக்காகத் தொடங்கியிருந்த அப்பாச்சி பீம் (ஒரே வேலையைப் பல தளங்களில் ஓட்ட உதவும் கருவி) இணைப்பும் உள்ளே வந்தது. அதே பைப்லைனைப் பெருந்தரவுத் தளங்களான ஸ்பார்க்கிலும் ஃப்ளிங்க்கிலும் கூகுள் டேட்டாஃப்ளோவிலும் ஓட்டலாம். வெப்ஸ்பூனின் வழியில் ஹாப் வெப் வந்தது.

தொழில்நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் எங்கே போனார்கள் என்பது. புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கி இன்னொரு தேன்பெட்டி வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக 2020 செப்டம்பரில் அப்பாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள் (புதுத் திட்டங்களைப் பழக்கிச் சோதிக்கும் பிரிவு) நுழைந்தார்கள். கெட்டில் ஏற்கெனவே அப்பாச்சி உரிமத்துக்கு மாறியிருந்ததால் அந்த வாசல் திறந்திருந்தது. அங்கே நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. அறக்கட்டளை ஏற்காத உரிமத்தில் உள்ள நூலகம் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து நீக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். நிரலின் உரிமை எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். பெயர் யாருடைய வணிகச்சின்னத்திலும் மோதவில்லை என்று தேடித் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வாக்கெடுப்பு: வழக்கமாக 72 மணி நேரம், குறைந்தது மூன்று ஆதரவு வாக்கு, அதுவும் திட்டக்குழுவில் வாக்களித்து முடித்தபின் இன்குபேட்டரில் மறுபடி ஒருமுறை. முடிவுகள் பொதுவில் எழுத்தில் இருக்க வேண்டும்; சாப்பாட்டு மேசையில் பேசியது செல்லாது. பத்து வருடம் சாப்பாட்டு மேசையிலேயே வளர்ந்த ஒரு நட்பு வட்டத்துக்கு இது பழக நாளாகியிருக்கும்.

2021 டிசம்பரில் ஹாப் உயர்நிலைத் திட்டமாகத் தேர்ச்சி பெற்றது. அறிவிப்பு 2022 ஜனவரியில் வந்தது. பேக்கேஜ் பெயர் மறுபடி மாறியிருந்தது: ஓஆர்ஜி.அப்பாச்சி.ஹாப். பெயரும் வணிகச்சின்னமும் அறக்கட்டளையுடையவை. நோ.பிஐ நாளைக்கு மூடப்பட்டாலும், காஸ்டர்ஸ் வேறு வேலைக்குப் போனாலும், கமிட் உரிமை (மூலநிரலில் நேரே மாற்றம் சேர்க்கும் உரிமை) மற்றவர்களிடம் இருக்கும். அந்த உரிமை ஆளுக்குத் தரப்படுவது. அவர் வேலை மாறினாலும் கூடவே போகும். பென்டாஹோவில் இல்லாதது இதுதான். அங்கே வேலை போனால் சாவியும் போகும்.

மற்றவை

கெட்டிலுக்குக் கிடைத்தது மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. பென்டாஹோ ரிப்போர்ட்டிங்கை யாரும் இப்படித் தூக்கிக்கொண்டு போகவில்லை. சந்திப்புகளில் அதற்கு நண்பர்கள் இருந்தார்கள், ஆனால் அதை மையமாக வைத்துப் பிழைத்தவர்கள் கெட்டில்காரர்கள் அளவுக்கு இல்லை. மாண்ட்ரியனின் கதை சுவாரசியமானது. ஜூலியன் ஹைட் நிரலை எடுத்துக்கொண்டு போகாமல், தரவுதள வினவல்களைத் திட்டமிட்டுச் செம்மைப்படுத்தும் தன் அறிவைக் கொண்டு ஆப்டிக் என்ற வேறொன்றை எழுதினார். அது 2014-இல் அப்பாச்சி இன்குபேட்டருக்குப் போய் கால்சைட் ஆனது. 2015-இல் தேர்ச்சி பெற்றது. ஹைவ், ஃப்ளிங்க், டிரில் என்ற தரவுத் திட்டங்கள் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. மாண்ட்ரியனைவிட அதிக தூரம் போய்விட்டது. வெகாவுக்கு எந்தக் கவலையும் இல்லை. அது பல்கலைக்கழகத்தின் பிள்ளை, பென்டாஹோ வந்தபோதும் போனபோதும் வைகாட்டோவில்தான் இருந்தது.

பெருந்தொற்று வந்ததும் நேர்ச் சந்திப்புகள் உலகமெங்கும் நின்றன. ஃபிரீநோடு 2021 மே மாதத்தில் நிர்வாகச் சண்டையில் உடைந்து, நடத்திவந்தவர்கள் லிபெரா என்று தனியே போனார்கள். கூடும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பென்டாஹோ மென்பொருள் நிற்கவில்லை. ஹிட்டாச்சி தொடர்ந்து வெளியிடுகிறது. ஆனால் 10.2 பதிப்புக்கு வந்தபோது கம்யூனிட்டி எடிஷன் என்ற பெயர் போய் டெவலப்பர் எடிஷன் ஆகிவிட்டது. உரிமம் பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸ். மூலநிரலைப் பார்க்கலாம். ஓஎஸ்ஐ அமைப்பின் வரையறைப்படி அது திறமூலம் அல்ல.

இதே துறையில் நடந்த இன்னும் இரண்டை இதனருகே வைத்துப் பார்க்கலாம். தரவு ஒருங்கிணைப்புக் கருவி விற்ற டேலண்ட் நிறுவனத்தை 2023-இல் கிளிக் நிறுவனம் வாங்கியது. 2024 ஜனவரி 31-இல் அதன் இலவசத் திறமூலப் பதிப்பான டேலண்ட் ஓபன் ஸ்டுடியோவை நிறுத்திவிட்டது. பர்ட் அறிக்கைக் கருவியை முன்னெடுத்த ஆக்சுவேட் நிறுவனம் ஓபன்டெக்ஸ்டுக்குப் போனபின் அந்தத் திட்டமும் சில வருடம் மூச்சற்றுக் கிடந்தது. ஆனால் பர்ட் தொடக்கம் முதலே எக்லிப்ஸ் அறக்கட்டளையில் இருந்ததால், விருப்பமுள்ளவர்கள் யாரிடமும் கெஞ்சாமல் அதே பெயரில், அதே இடத்தில் மறுபடி தொடங்கி, 2022-இல் 4.9 பதிப்பை வெளியிட்டார்கள். பென்டாஹோ அளவுக்குப் பர்ட்டுக்குக் கொண்டாட்டமான சந்திப்புகள் இருந்ததில்லை. அதற்குப் பெயர் மாற்ற வேண்டியும் வரவில்லை.

அதனால் ஒரு பிஐ திட்டத்தின் நிகழ்வுப் பக்கத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அல்ல. அரங்க வாடகை கட்டியது யார், மேடையில் பேசியவர்களில் எத்தனை பேருக்குக் கமிட் உரிமை இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் ஒரே நிறுவனத்தின் சம்பளம் வாங்குகிறார்கள், ஒரு வெளியீடு எப்போது என்று முடிவு செய்த பேச்சு எங்கே நடந்தது. இந்தத் தகவல்கள் பெரும்பாலும் பொதுவிலேயே கிடைக்கும். கிட்ஹப்பில் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். உரிமக் கோப்பையும் திறந்து படிப்பேன், சலிப்பாக இருந்தாலும்.

பழைய கெட்டில் ஜாப்களோடு இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. ஹாப்பும் கெட்டிலும் இப்போது தனித்தனித் திட்டங்கள், கோப்புகள் நேரடியாக ஒத்துப்போகாது. கெட்டிலின் கேடிஆர், கேஜேபி கோப்புகளை ஹாப்பின் ஹெச்பிஎல், ஹெச்டபிள்யூஎஃப் ஆக மாற்ற ஹாப்பிலேயே இறக்குமதி வசதி உண்டு. தரவுதள இணைப்புகளையும் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் கழித்துக்கட்டப்பட்ட செருகுநிரல்களை நம்பியிருந்த ஜாப்களைக் கையால் திரும்ப எழுத வேண்டும். முதலில் அவற்றைத் தேடிப் பட்டியல் போட்டுவிட்டு, மாறக்கூடியவற்றை அதன் பிறகு மாற்றினால் நடுவழியில் நிற்க வேண்டி வராது.